கதவோரத்து மஞ்சள் சீட்டு



கடந்த ஒரு மாதமாக ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் உங்களில் பலர் என்னிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, வீட்டு வாசலில் நின்ற அந்தப் பெரிய வண்டி எங்கே? புதியது எப்போது வருகிறது?” ஒவ்வொருவருக்கும் நின்று விடை சொல்வதற்குள் என் காப்பி ஆறிப்போகிறது. ஆகையால் இந்த வாரச் சிந்தனையை அந்த வண்டிக்கே ஒதுக்கிவிட்டேன். இதுபோன்ற ஒன்றை வாங்கும் எண்ணம் உங்களில் மூன்று, நான்கு குடும்பங்களுக்கு உண்டு என்பதை அறிவேன். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படக்கூடும். மற்றவர்கள் பொறுமையாய் வாசியுங்கள்.

ஊரிலிருந்து அண்மையில் வந்து நம் சபையில் இணைந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஃபிஃப்த் வீல் கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் பின்தட்டின்மேல் தன் முன்பாகத்தை ஏற்றிவைத்துக்கொண்டு இழுபட்டுவரும் ஒரு சிறு வீடு. சாதாரணக் கேம்பரை டிரக்கின் பின்முனைக் கொக்கியில் மாட்டுவார்கள். இதற்கோ கிங்பின் என்னும் இரும்பு முளை ஒன்று முன்பக்கத்தில் கீழ்நோக்கி நீண்டிருக்கும். டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலே பொருத்தப்பட்ட ஹிட்ச்சில் அது பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக நான்கு சக்கரங்களுக்கு மேலாகக் கிடைமட்டமாய் ஒரு வளையத்தை வைத்தார்கள். ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பாரம் டிரக்கின் நடுவுடலில் இறங்குவதால் பக்கக்காற்றில் வண்டி வாலாட்டுவது குறைவு. அமரில்லோவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காற்று எப்படி அடிக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

எங்கள் பழைய கேம்பர் 28 அடி நீளமுள்ளது. அதை நாங்கள் வாங்கும்போதே அது ஒருவர் கைமாறி வந்தது. அதில் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குப் பலமுறை இறங்கியிருக்கிறோம். பூங்காவின் நுழைவாயிலைக் கடந்ததும் 10 சதவீதச் சரிவில் சாலை கீழே இறங்கும். டிரக்கைத் தாழ்ந்த கியரில் வைத்து, பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து, பின்னால் நிற்பது ஒரு வீடு என்ற நினைவோடு இறங்க வேண்டும். என் துணைவியார் அந்த இரண்டு நிமிடங்களும் பேசமாட்டார். எங்கள் திருமண வாழ்க்கையில் அத்தகைய அமைதி வேறெங்கும் வாய்த்ததில்லை.

ஆனால் அந்த வண்டியைப் பற்றி நினைக்கும்போது உல்லாசப் பயணங்களைவிட முதலில் என் மனத்தில் வந்து நிற்பது 2021 பிப்ரவரி மாதம்தான். உங்களில் பலர் அப்போது இங்கே இருந்தீர்கள். 16ஆம் தேதி காலையில் டாலஸில் வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் பூச்சியத்துக்கும் 2 பாகை கீழே போயிற்று. மின்சாரம் நின்றது. குழாய்கள் உறைந்து வெடித்தன. நம் சபையின் குடும்பம் ஒன்று, எண்பது வயதைக் கடந்த தாயாரோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் எங்கள் வாசலுக்கு வந்தது. எங்கள் வீடும் அவர்கள் வீட்டைப் போலவே குளிர்ந்திருந்தது. வெப்பம் தரக்கூடிய இடம் எங்களிடம் ஒன்றே இருந்தது. அது வாசலில் நின்ற கேம்பர். அதன் ஃபர்னஸ் புரொப்பேன் வாயுவில் எரிவது. நான்கு இரவுகள் அவர்கள் அதிலே தங்கினார்கள்.

ஃபர்னஸ் வாயுவில் எரிந்தாலும் வெப்பத்தைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். அது ஓடும்போது ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். பழைய ஈய அமிலப் பேட்டரியில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் அதில் பாதியைத்தான் கெடுதலின்றிப் பயன்படுத்த முடியும். கடுங்குளிர் இரவில் விசிறி மொத்தம் ஆறு மணிநேரம் ஓடினால் கணக்கு முடிந்தது. ஆகவே அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, டிரக்கை வெளியே இயக்கிப் பேட்டரிக்குச் சிறிது உயிரூட்டுவேன். உள்ளே அந்தத் தாயார் விழித்திருப்பார். கதவைத் திறந்து, “போதகரே, நீங்கள் தூங்கவில்லையா?” என்று கேட்பார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாமல் கடக்க மாட்டேன். கேம்பரின் ஃபர்னஸ் எரிந்த புகையை நேராக வெளியே தள்ளும்படி அமைக்கப்பட்டது. சமையல் அடுப்பு அப்படிப்பட்டதன்று. அந்த வாரத்தில் டெக்சாஸில் பல குடும்பங்கள் வீட்டுக்குள் கரியை எரித்தும், காரேஜில் காரையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளாயின, உயிர்களும் போயின. அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியை இன்றே சோதித்துப் பாருங்கள்.

இனி, மாற்ற வேண்டிய காரணத்துக்கு வருகிறேன். ஒரு கேம்பருக்கு முதற்பகைவன் தண்ணீர். கூரையின் ரப்பர் விரிப்பு ஓரங்களிலும் காற்றோட்டத் துளைகளைச் சுற்றிலும் பசைபோன்ற அடைப்புப் பொருள் பூசியிருப்பார்கள். அது வெயிலில் வெடிக்கும். வருடத்தில் இரண்டு முறையேனும் ஏணி வைத்து ஏறிப் பார்த்துப் பூசிவந்தேன். இருந்தும் பின்மூலை விளக்கின் பின்னாலிருந்த ஒரு திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. கண்ணாடியிழைச் சுவரில் தோசையின் குமிழ்போல ஒரு வீக்கம் தோன்றியபோதுதான் தெரிந்தது. குளியலறைத் தரையைக் குதிகாலால் அழுத்தினால் மெத்தென்று இறங்கியது. பழுதுபார்ப்பவர் சொன்ன தொகை வண்டியின் விலையை நெருங்கியது.

ஆகவே நாங்கள் விற்பனைக் கூடங்களை ஏறி இறங்கத் தொடங்கினோம். அமெரிக்காவில் ஓடும் கேம்பர்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் செய்யப்படுகிறது. ஆனாலும் விற்பனைக் கூடத்தில் நூறு வண்டிகள் வரிசையாய் நிற்கும்போது ஒவ்வொன்றும் வேறொரு தேசத்திலிருந்து வந்ததுபோலத் தம்மைக் காட்டிக்கொள்ளும். ஒன்றில் மின்கணப்பு. இன்னொன்றில் சமையலறைத் தீவு. பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து அறை விரியும் ஸ்லைடு அவுட் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் துணைவியார் ஒரு 38 அடி வண்டிக்குள் நுழைந்து நடுவே நின்று சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தைக் கண்டபோது நான் என் பணப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

விற்பனையாளர் நல்ல மனிதர். எங்கள் டிரக்கின் மாதிரியைக் கேட்டார். கையேட்டைப் புரட்டி, “உங்கள் வண்டி இதைத் தாராளமாக இழுக்கும்” என்றார். அவர் சொன்னது பொய்யன்று. இழுக்கும். ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் தயவுசெய்து நின்று வாசியுங்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு பொருந்தும் தூணின்மேல் வெள்ளையும் மஞ்சளுமான ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஏறுகிற மனிதர்களும் ஏற்றுகிற பொருள்களும் சேர்ந்து இன்ன எடையைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். விளம்பரத்தில் வரும் எண் அந்த மாதிரி டிரக்குகளுக்குப் பொதுவானது. சீட்டில் உள்ள எண் உங்கள் டிரக்குக்கு மட்டும் உரியது. எங்கள் சீட்டில் 2,640 பவுண்டு என்றிருந்தது. அதில் நாங்கள் இருவரும் ஹிட்ச்சும் கருவிப்பெட்டியுமாக 600 போயிற்று. மீதி 2,040. ஃபிஃப்த் வீல் கேம்பரின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக டிரக்கின்மேல் இறங்கும். அந்த 38 அடி வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 14,000 பவுண்டு. ஐந்தில் ஒரு பங்கு 2,800. விற்பனையாளரின் தாளில் குறைவான ஓர் எண் இருந்தது உண்மை. அது வெறும் வண்டியின் எடை. தண்ணீர் இல்லாமல், தட்டு இல்லாமல், தலையணை இல்லாமல் எடுத்த கணக்கு. அப்படி யாரும் பயணம் போவதில்லை.

இதை வேறொரு பெரிய டிரக் வாங்கிச் சரிசெய்யலாம் என்றார் அவர். கேம்பருக்கு 20 ஆண்டுத் தவணை. மாதம் கட்டும் தொகை சிறியது என்றார். எனக்கு வயது 62. கடைசித் தவணையைக் கட்டும்போது 82 ஆகும். கேம்பரின் மதிப்போ கடன் குறைவதைவிட விரைவாகக் குறையும். இடையில் விற்க நேர்ந்தால், விற்ற பணத்தோடு கையிலிருந்தும் சேர்த்துக் கொடுத்து வெளியேற வேண்டிவரும். மாதத் தொகையை மட்டும் சொல்லி ஆண்டுகளைச் சொல்லாத எந்தக் கணக்கையும் கையெழுத்திடுவதற்குமுன் வீட்டுக்கு எடுத்துவந்து பெருக்கிப் பாருங்கள் என்று நம் வாலிபருக்கு நான் பலமுறை சொன்னதுண்டு. அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் எண்ணாகமம் ஏழாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வாசிப்பவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் பகுதி அது. ஆசரிப்புக்கூடாரத்தைச் சுமப்பதற்காகப் பிரபுக்கள் ஆறு கூண்டு வண்டில்களையும் பன்னிரண்டு மாடுகளையும் கொண்டுவருகிறார்கள். மோசே அவற்றைச் சமமாகப் பங்கிடவில்லை. திரைகளையும் மூடுதிரைகளையும் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில்கள், நான்கு மாடுகள். பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள் ஆகியவற்றைச் சுமந்த மெராரி புத்திரருக்கு நான்கு வண்டில்கள், எட்டு மாடுகள். அந்தப் பாதங்களில் நூறு வெள்ளியால் ஆனவை. ஒவ்வொன்றும் ஒரு தாலந்து எடை. தோளிலே சுமக்க வேண்டியவற்றைப் பெற்ற கோகாத் புத்திரருக்கு வண்டில் ஏதும் இல்லை. வனாந்தரத்திலும் யாரோ உட்கார்ந்து எடைக்கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது அன்றைய தினம் எனக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது.

அந்த வாரமே பழைய கேம்பரை நாங்கள் வழக்கமாகப் புறப்படும் கோலத்தில் நிரப்பி, நெடுஞ்சாலையோர லாரி நிலையத்தில் உள்ள எடைமேடைக்குக் கொண்டுபோனோம். லாரிகளுக்காக அமைந்த அந்த மேடை முன் அச்சு, பின் அச்சு, இழுபடும் வண்டியின் அச்சு என்று மூன்றையும் தனித்தனியே காட்டும். பிறகு கேம்பரைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் ஒருமுறை எடைபோட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிங்பின்மேல் இறங்கும் பாரம். எங்களுக்கு 1,840 பவுண்டு. கேம்பரின் மொத்த எடை 8,840. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் எடை 7,300. ஆக 1,540 பவுண்டு நாங்கள் ஏற்றியது.

தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் 330க்கு மேல். வாயு உருளைகளையும் பேட்டரிகளையும் கழித்தாலும் ஏறத்தாழ ஆயிரம் பவுண்டுக்கு விடை தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் எல்லாவற்றையும் காரேஜில் இறக்கி, குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். இரும்புத் தோசைக்கல் இரண்டு. மடக்கு நாற்காலிகள் பதினான்கு. இருபது பவுண்டு அரிசி மூட்டை இரண்டு. ஒன்று எந்த ஆண்டில் ஏறியது என்று இருவருக்கும் தெரியவில்லை. கீர்த்தனைப் புத்தகங்கள் ஒரு பெட்டி, 46 பவுண்டு. கல் உருளைகளோடு கூடிய கிரைண்டர்.

கிரைண்டரையும் பாட்டுப் புத்தகங்களையும் பற்றி எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. பாட்டெல்லாம் இப்போது கைபேசியில் இருக்கிறதே என்று நான் சொன்னேன். “அந்த அம்மா கைபேசியில் பாடுவார்களா?” என்று கேட்டார் என் துணைவியார். பனிப்புயலின்போது நான்கு இரவுகள் தங்கிய அந்தத் தாயாரைத்தான் சொன்னார். விளக்கை அணைத்துச் சேமித்த அந்த இரவுகளில் டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பாடியதும், பிள்ளைகள் அதைக் கேட்டபடி உறங்கியதும் எனக்கும் நினைவிருந்தது. நான் மேற்கொண்டு பேசவில்லை. புத்தகங்கள் தங்கின, கிரைண்டர் இறங்கியது. கிரைண்டரை இறக்குவதென்று முடிவெடுத்தவரும் அவரே என்பதைப் பதிவுசெய்து வைக்கிறேன்.

இந்தக் கணக்குக்குப் பின் தெரிவு எளிதாயிற்று. மொத்த அனுமதி எடை 9,500 பவுண்டுக்குள் நிற்கும் வண்டி. அப்போது கிங்பின்மேல் இறங்குவது ஏறத்தாழ 1,900. சீட்டின் எல்லைக்குள் 140 பவுண்டு மிச்சம். ஸ்லைடு அவுட் ஒன்று போதும். அதன் மூலைகள் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல் என்பதைப் பழைய வண்டி எங்களுக்குக் கற்பித்திருந்தது. எங்கள் டிரக்கின் பின்தட்டு ஆறரை அடி நீளமே ஆகையால், இறுக்கித் திருப்பும்போது கேம்பரின் மூக்கு பின்கண்ணாடியில் மோதாதபடி நகரும் வகை ஹிட்ச் வேண்டும். அதன் எடையையும் சேர்த்தே கணக்கிட்டோம்.

படிகளைப் பற்றி அதிக நேரம் பேசினோம். ஃபிஃப்த் வீல் கேம்பரில் படுக்கையறை டிரக்கின் தட்டுக்கு மேலே அமைவதால் உள்ளேயே இரண்டு மூன்று படிகள் ஏற வேண்டும். என் துணைவியாருக்குச் சென்ற ஆண்டு முழங்கால் அறுவை நடந்தது. அப்படியானால் தரைமட்டத்தில் அமைந்த சாதாரண இழுவைக் கேம்பரே நல்லதன்றோ என்று நான் கேட்டேன். ஒவ்வொரு வண்டியிலும் அவர் ஐந்து முறை ஏறி இறங்கிப் பார்த்தார். கைப்பிடி நல்ல இடத்தில் இருந்தால் உள்படிகள் துன்பமில்லை. வாசற்படிதான் துன்பம் என்று தீர்ப்பளித்தார். பழைய வண்டிகளில் வாசற்படி அந்தரத்தில் தொங்கி ஆடும். புதியவற்றில் அது மடிந்து இறங்கித் தரையில் ஊன்றி நிற்கிறது. ஆக, ஃபிஃப்த் வீலே நிலைத்தது.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி நம் சபையின் பொறியாளர் ஒருவரோடு நெடுநேரம் வாதிட்டேன். பழைய வகை வாயுவிலும் ஓடும். மின்சாரம் இல்லாத நாளில் அது உதவி. ஆனால் வண்டி சமதளமாக நிற்காவிட்டால் அதற்குக் கேடு. டெக்சாஸ் ஆகஸ்டு வெயிலில் அதற்கு மூச்சு வாங்கும். இப்போது வரும் 12 வோல்ட் வகை விரைவாகக் குளிரூட்டும். ஆனால் முழுவதும் பேட்டரியை நம்பியிருக்கும். நாங்கள் எடுக்கும் வண்டியில் இருப்பது இரண்டாம் வகை. ஆகையால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகள் இரண்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இவற்றில் ஏறக்குறைய முழு அளவையும் பயன்படுத்தலாம். உறைநிலைக்குக் கீழே இவற்றை மின்னேற்றினால் கெட்டுவிடும் என்பதால் வெளிப்பெட்டியில் வைக்காமல் வெப்பமுள்ள உட்பகுதியில் வைக்க ஏற்பாடு. மீண்டும் அப்படியொரு பிப்ரவரி வந்தால் அதிகாலை மூன்று மணிக்கு நான் எழ வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டிகளின் அடிப்பாகம் மூடப்பட்டு, ஃபர்னஸின் வெப்பக்குழாய் ஒன்று அங்கும் செல்கிறதா என்று முழங்காலிட்டு நானே பார்த்தேன்.

சென்ற ஆண்டு மாதிரியாய் விற்பனைக் கூடத்தில் தங்கிப்போன வண்டி ஒன்று இந்த அளவுகளுக்குள் அகப்பட்டது. புதியதுதான், விலை குறைந்திருந்தது. நீண்ட நாள் நின்ற வண்டியில் டயரின் வயதைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள் பிறந்த வாரமும் வருடமும் ஆகும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கேம்பர் டயர்கள் தேய்வதற்குமுன் முதுமையால் சாகும். சேமிப்பும் பழைய வண்டி விற்ற பணமும் போக, ஐந்தாண்டுச் சிறு கடன் ஒன்று மட்டும் எங்களுக்கு உண்டு.

பழைய வண்டி விற்ற கதையையும் கேட்டீர்கள். முதலில் பார்க்க வந்தவர்கள் கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதியர். நான் கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் சம்மதித்தார்கள். தரையின்மேல் புதிய விரிப்பு ஒன்றை ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது என்று எனக்கு ஆலோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். குளியலறைக்கு அழைத்துப்போய் அந்த இளைஞரின் குதிகாலை அந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். சுவரின் வீக்கத்தையும் விளக்கின் பின்புறத்தையும் காட்டினேன். அவர் மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நன்றி சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். அதன்பின் ஏழு வாரம் ஒருவரும் வரவில்லை. எங்களுக்கு அது சற்று நெருக்கடியான காலம். விற்பனைக் கூடத்தில் முன்பணம் கட்டியாயிற்று. எட்டாம் வாரத்தில் தச்சர் ஒருவர் வந்தார். தரையைத் தாமே பெயர்த்துப் புதிதாய்ப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி, நான் கேட்டதில் பாதியைவிடச் சற்று அதிகமாகக் கொடுத்து எடுத்துச் சென்றார்.

புதிய கேம்பர் வரும் சனிக்கிழமை காலையில் வருகிறது. மூட்டைகளை ஏற்றி முடித்தபின் எடைமேடைக்கு ஒருமுறை போய்வருவோம். டிரக் வைத்திருக்கும் சகோதரர்கள், கேம்பர் வாங்கும் எண்ணமிருந்தால், தங்கள் கதவோரத்துச் சீட்டைப் படமெடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு வாருங்கள்; கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். அந்தத் தாயாரைக் காரில் அழைத்துவர யாரேனும் ஒருவர் வேண்டும். வாசற்படியில் முதலில் அவர் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என் துணைவியார் விரும்புகிறார். காலை உணவு இட்லி. மாவு வீட்டிலேயே அரைத்தாகிவிடும்.